நாவலோடைக் காட்டின் இருப்புச் சரிபார்ப்பு

மேற்கு அடிவாரப் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது மாணவர்களும் அறுபத்தேழு குழுக்களும் இருந்தன. மாணவர்கள் வருவார்கள், மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். குழுக்கள் அப்படியல்ல, ஒருமுறை அமைத்தால் அமைத்ததுதான். அந்த இடத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவலே போதும். ஆனால் கதை சொல்ல வந்தவன் இத்தோடு எழுந்து போனால் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

உத்தமபாளையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற சாலையில் இருக்கிறது வளாகம். வாசலில் ஆளுயரப் பளிங்குப் பலகை ஒன்று உண்டு. அதில் வரைபடம். நிர்வாகக் கட்டடம், விடுதி, உணவகம், ஏடிஎம், துணைவேந்தர் கார் நிற்கும் இடம், வெயில் நேரத்தில் துணைவேந்தர் கார் நிற்கும் இடம் எல்லாம் அதில் தனித்தனி நிறத்தில் இருந்தன. மேற்கு ஓரத்தில் மட்டும் பதினான்கு ஏக்கரை வெள்ளையாக விட்டு, 'காலி இடம்' என்று எழுதியிருந்தார்கள்.

மொக்கம்மாளுக்கு அந்த இரண்டு வார்த்தை புரிந்ததே இல்லை. தாவரவியல் துறையில் முப்பத்தோரு வருடமாக ஆய்வக உதவியாளர் அவள். வகுப்புக்கு வேண்டிய இலை, பூ, காய், வேர் எல்லாவற்றையும் விடிந்ததும் அந்தக் காலி இடத்திலிருந்துதான் பறித்து வந்து மேசையில் பரப்புவாள். ஊர்க்காரர்கள் அதை நாவலோடைக் காடு என்பார்கள். நடுவில் ஓடை. நாவல், உசில், புங்கு, இலவு, மாவிலங்கு, வேம்பு என்று ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும். ஒன்றைக்கூட யாரும் நட்டதில்லை, ஒன்றுக்கும் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் அங்கே கொஞ்சநாள் தங்கி, மெதுவாக விடுதிக் கிணற்றுக்குப் போகும். பங்குனியில் பக்கத்துத் திராட்சைத் தோட்டக் கிணறுகள் வறண்டாலும் விடுதிப் பிள்ளைகள் குளிப்பது அதனால்தான்.

மொக்கம்மாள் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். துறையில் வேலை இல்லாத நேரம் காட்டுக்குள் போய், எது பூத்தது, எது காய்த்தது, எந்தக் கிளை காற்றுக்கு முறிந்தது என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குக் காலும் மனசும் அடங்கும். வருகிற ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகள் சந்தனம்மாள், இரண்டு சிறுபிள்ளைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 'ஜூன்ல அம்மாச்சி வந்துரும்' என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் பட்டமளிப்பு விழா வந்தது. பந்தலில் நடந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் பந்தல் போடுகிறவர்கள் ஒன்று வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும், இல்லை குழுவாக இருக்க வேண்டும். காற்று பந்தலை ஒரு தூக்குத் தூக்கி, துணைவேந்தரின் குஞ்சம் வைத்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் நாவல் மரத்து உச்சியில் மாட்டியது. அதை இறக்க மூன்று பேர் ஏற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து துணைவேந்தர் அந்தக் காட்டைப் பற்றி அடிக்கடி சிந்திக்கலானார். சிந்தனையின் முடிவு, மூவாயிரம் இருக்கைகள் கொண்ட பட்டமளிப்பு அரங்கம்.

எல்லோரையும் கூட்டி வைத்து அவர் பேசினார். "நான் மரங்களுக்கு விரோதி அல்ல. என் அறையில் மூன்று செடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உயிருள்ளது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் இடத்தைச் சும்மா போட்டு வைத்தால், பார்க்கிறவர்கள் நாமும் சும்மா இருக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள். அரங்கின் மாதிரிப் படத்தைப் பாருங்கள். இப்போது இருப்பதைவிட ஒழுங்கான மரங்கள் அதில் இருக்கின்றன."

படத்தில் மரங்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. அவற்றின் கீழே சூட்டு கோட்டு போட்ட ஆட்கள் நிழலே விழாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

தாவரவியலில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியை சுபாஸ்ரீக்கு அன்றிரவு தூக்கம் போனது. மறுநாளே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, மொக்கம்மாளையும் முன்னால் விட்டு, காட்டில் மரம் எண்ணத் தொடங்கினாள். ஆளுயரத்துக்கு மேல் இருந்தவை இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. அந்தப் பட்டியலோடும் ஒரு மனுவோடும் இருவரும் பதிவாளர் முத்துராஜாவைப் பார்க்கப் போனார்கள்.

முத்துராஜா கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டது செய்யவும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே. அவர் எந்த முடிவும் எடுப்பதில்லை, விதிப்படி நடப்பார். மனுவைப் படித்துவிட்டு, தாவரவியல் துறையின் இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார்.

"இந்தாம்மா, நீயே பாரு. முக்காலி இருக்கு. மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கு. விலங்கியல்காரங்க கடனாக் குடுத்த செத்த தவளை நாற்பது இருக்கு. மரம்னு எங்கனயாச்சும் இருக்கா? இல்லாத பொருளை வெட்டாதீகன்னு மனு குடுத்தா நான் என்ன செய்ய?"

மொக்கம்மாள் ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் முழுக்கக் காடு ஆடிக்கொண்டிருந்தது. பதிவாளர் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு பதிவேட்டைப் பார்த்தார். பதிவேட்டில் உள்ள பொருளென்றால் அது ஒடிந்தே கிடந்தாலும் உரிய நடைமுறை இல்லாமல் ஒரு ஆள் தொட முடியாது, ஆனால் இதற்கு அவர் கையில் ஒன்றுமில்லை என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

துறைக்குத் திரும்பும் தாழ்வாரத்தின் கடைசியில் நாற்பத்து மூன்று முக்காலிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு காலோ இரண்டு காலோ போனது. அவசரவழிக் கதவையே அடைத்துக்கொண்டு இருபது வருடமாகக் கிடக்கின்றன. சுபாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். மொக்கம்மாள் மட்டும் நின்றுவிட்டாள்.

"மேடம், கொஞ்சம் நில்லுங்க. இந்த முக்காலிய நகட்ட எத்தனை துறைத் தலைவர் பாத்துட்டாக, ஒருத்தராலயும் முடியல. நம்பர் போட்டிருக்குல்ல, அதான். காட்டுக்கும் நம்பர் போட்டுருவமா?"

சுபாஸ்ரீ சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பொருள் வைப்பறைக் கணக்கர் பலவேசத்திடம் போனபோது, மரத்தைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று விதி ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பதிவேட்டில் பதினோரு கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். பொருளின் பெயர், நாவல். சரி. தயாரிப்பு நிறுவனம்? சுபாஸ்ரீ யோசித்து 'இயற்கை' என்று எழுதினாள். மாதிரி எண்ணுக்குத் தாவரவியல் பெயரைப் போட்டாள். உத்தரவாதக் காலம் என்ற இடத்தில் 'மழையைப் பொறுத்து' என்றாள். வழங்கியவர் பெயரில்தான் வண்டி நின்றது. நாவலும் வேம்பும் பறவை எச்சத்தில் வந்தவை. இலவு காற்றில் வந்தது. புங்கு ஓடை வெள்ளத்தில் வந்தது. குயிலுக்கு ஜிஎஸ்டி எண் உண்டா என்று பலவேசம் கேட்டார். கிண்டலாக அல்ல, அவருக்குக் கிண்டல் தெரியாது. மூன்று பறவைகளிடம் விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததைத் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் கேட்டார். இரண்டு நாள் இதிலேயே போனது. மூன்றாம் நாள் அவரே வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் நன்கொடை என்று போட்டுவிட்டு, நன்கொடையாளர் என்ற இடத்தில், 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று எழுதினார்.

கடைசிக் கட்டம், பொறுப்பாளர் கையொப்பம். பேராசிரியர்கள் யாரும் போட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மொக்கம்மாள் போட்டாள். இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு முறை. கை வீங்கிவிட்டது. ஆனாலும் ஒரு நாட்டையே எழுதி வாங்கிய மாதிரி அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவளும் மாணவர்களும் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு காட்டுக்குள் போய் ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதினார்கள்.

பத்து நாள் கழித்து இடம் சமன்செய்ய மண்வாரி இயந்திரம் வந்தது. முதல் உசில் மரத்துக்கு முன்னால் போய் நின்ற ஓட்டுநர், அதில் 'தாவர/1' என்று எழுதியிருப்பதைப் பார்த்து இறங்கி, பதிவாளருக்குப் போன் போட்டார். முத்துராஜா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து இயந்திரத்தை மறித்தார். பதிவேட்டுப் பொருளில் கைவைத்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று கத்தினார். மரத்துக்காக ஒரு பதிவாளர் இயந்திரத்தின் முன்னால் நின்ற படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. அவருக்கு ஒரு பசுமை விருதும் கிடைத்தது.

அந்த மாதம் மொக்கம்மாள் நன்றாகச் சாப்பிட்டாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது மாசி மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது. பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு வருடாந்தர இருப்புச் சரிபார்ப்பு உண்டு. ஒரு துறையின் பொருளை வேறு துறைக்காரர்தான் சரிபார்க்க வேண்டும். தாவரவியலுக்கு அந்த வருடம் வாய்த்தவர் இயற்பியல் பேராசிரியர் சுந்தரலிங்கம். கடையில் சர்க்கரை வாங்கினால் தராசில் உட்கார்ந்த ஈயைப் பறக்கவிட்டு மறுபடி நிறுக்கச் சொல்லும் ஆள். லஞ்சம் வாங்கமாட்டார், சலுகையும் காட்டமாட்டார்.

அவருடைய படிவத்தில் இரண்டே கேள்விகள். பொருள் இருக்கிறதா? இயங்கும் நிலையில் இருக்கிறதா? ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று அவர் அந்த இரண்டாவது கேள்வியை மொக்கம்மாளிடம் கேட்டார். மாசியிலும் பங்குனியிலும் இலவு மொட்டையாக நிற்கும். மாவிலங்கும் இலையை உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அது செத்ததில்லை சார், தூங்குது என்றாள் மொக்கம்மாள். படிவத்தில் தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. அறுநூற்று நாற்பத்தோரு மரங்களுக்கு எதிரே 'இயங்கவில்லை' என்று எழுதினார்.

மீதி ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்தும் பச்சையாக இருந்தன. அங்கேயும் ஒரு கட்டம் காத்திருந்தது. எந்தப் பொருளுக்கும் ஆயுள் பதினைந்து வருடம். அதற்குமேல் ஆனதைக் கழிவுசெய்யப் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பெரிய நாவலுக்கு வயது என்ன என்று சுந்தரலிங்கம் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மொக்கம்மாள், என் பாட்டன் காலத்துக்கும் முந்தி சார் என்று பெருமையாகச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான், எல்லாம் ஒரே நன்கொடை என்பதால் மீதி அத்தனை மரத்துக்கும் அவர் அதே வயதை எழுதுவதைப் பார்த்தாள். காட்டைப் பதிவேட்டில் ஏற்றியிராவிட்டால் அது யாருக்கும் தெரியாத காடாகவாவது போயிருக்கும். இப்போது தன் கையெழுத்தோடு ஒவ்வொரு மரமும் எண் வரிசையில் நின்று சாவுக்குப் போகிறதே என்று அன்று முழுக்க ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தாள். சுபாஸ்ரீ சமாதானம் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகமும் வெளிறித்தான் இருந்தது.

முக்காலிகளைக் கழிக்க இருபது வருடமாகக் கூடாத கழிவுக் குழு, மரங்களுக்காக இருபதே நாளில் கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேர். கழிக்கவேண்டிய பொருளை நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதால் காட்டிலேயே கூட்டம். பங்குனி வெயில். நாற்காலிகளைப் பெரிய நாவலின் நிழலில் போட்டார்கள். நிழல் நகர நகர, கூட்டத்தை நிறுத்தி, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நான்கு மணி நேரத்தில் ஆறு தடவை இடம் மாறியது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. குழுத் தலைவர் பேசும்போது, இந்த இடத்தில் மனிதன் உட்கார முடியவில்லை, குளிர்சாதன வசதியுள்ள அரங்கம் எவ்வளவு அவசியம் என்பதை இன்று நான் உடம்பால் உணர்ந்தேன் என்றார். அப்போது நாவல் மரம் அவர் தலைக்கு மேல்தான் நின்றது. இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறும் கழிவு என்று ஒருமனதாக முடிவானது.

கழித்த பொருளை அகற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு சடங்கு பாக்கி. பொறுப்பாளரும் சரிபார்ப்பு அலுவலரும் கடைசியாக ஒருமுறை எண்ணி, பதிவேட்டு எண்ணிக்கையும் நேரடி எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துப்போகாதவரை ஒரு குச்சியைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. அதே தாளைத்தான் மொக்கம்மாளின் பணி விடுவிப்பும் நம்பியிருந்தது. பொறுப்பில் உள்ள பொருள் கணக்குச் சரியானால்தான் அவளை விடுவிப்பார்கள். இல்லையென்றால் ஓய்வும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

ஜூன் பத்தாம் தேதி எண்ணத் தொடங்கினார்கள். வைகாசியில் கோடை மழை ஐந்து தடவை நன்றாகப் பெய்திருந்தது. ஓடைக்கரை முழுக்கப் புங்கங்கன்று. உசில் கன்று விரலளவு எழும்பி நின்றது. 'இயங்கவில்லை' என்று எழுதப்பட்ட மாவிலங்கெல்லாம் தளதளவென்று இருந்தது. சுந்தரலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார். எண் எழுதாத கன்றுகளைச் சுட்டி இவை என்ன என்று கேட்டார். கன்னுக சார் என்றாள் மொக்கம்மாள். கன்றுகளைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் எழுத்து மூலமாகப் பதிவாளரிடம் விளக்கம் கேட்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அங்கேதான். போன வருடம் பசுமைத் தரவரிசைக்கு விண்ணப்பித்தபோது, வளாகத்தில் பத்தாயிரம் மரம் காட்ட வேண்டியிருந்தது. துணைவேந்தர் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அன்று அவசரமாக ஒரு தீர்மானமும் போட்டிருந்தார்கள்: இந்தப் பல்கலைக்கழக எல்லைக்குள் மண்ணுக்கு மேல் இரண்டு இலை தெரிந்த நாளிலிருந்தே கன்று மரமாகக் கருதப்படும். நட்ட கன்றுகள் எட்டே நாளில் செத்துப்போயின. தீர்மானம் உயிரோடு இருந்தது.

பதிவாளர் அதையே விளக்கமாக அனுப்ப, சுந்தரலிங்கம் இரண்டு இலை விட்ட ஒவ்வொன்றையும் மரமாக எண்ணினார். முதல் எண்ணிக்கையில் கூடுதல் நூற்று எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினால் இருநூற்று நாற்பது. குனிந்து எண்ணி முதுகு பிடித்துக்கொண்டு, பெல்ட் கட்டிக்கொண்டு வந்து எண்ணினார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. குறைவு வந்தால் திருடு போயிருக்கிறது என்று எழுதிவிடலாம், கூடுதல் வந்தால் தணிக்கையில் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே என்று மொக்கம்மாளிடமே புலம்பினார். ஆட்களை விட்டுப் பிடுங்கிவிடலாமே என்று பலவேசம் யோசனை சொன்னார். அவற்றைக் கூடுதல் என்று எண் போட்டுத் தாளில் எழுதியாயிற்று, பிடுங்கினால் அந்த எண்ணில் குறைவு வரும், தானாகப் பட்டுப்போனால்தான் கழிக்கலாம் என்றார் சுந்தரலிங்கம்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி பதிவாளர் மொக்கம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முப்பத்தோரு வருடத்தில் அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று இருப்புத் தாள். 'வேறுபாடு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தது. மற்றது அவளுடைய பணி விடுவிப்பு ஆணை.

"பென்சிலுக்கு மேல பேனாவால எழுதி ஒரு கையெழுத்துப் போடு, போதும். பொறுப்பாளர் ஒத்துக்கிட்டா சுந்தரலிங்கம் மறுக்க விதியில இடமில்லை. நாளன்னைக்கு விழா, அன்னைக்கே நீ திருப்பூர் பஸ் ஏறலாம். எழுதலைன்னா உன்னை விடுவிக்க என்னால ஆகாதும்மா. உன் இடத்துக்கு வந்து இந்தக் கணக்கை ஏத்துக்க ஒரு ஆளும் கெடைக்க மாட்டான். நான் உனக்கு நல்லதுதான் சொல்லுறேன்."

அவர் நல்லதுதான் சொன்னார். மொக்கம்மாளுக்குப் போகத்தான் ஆசை. முழங்கால் வலிக்கிறது. பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் கண்டிருந்த கனவு கொஞ்சநஞ்சமல்ல. யோசிச்சுச் சொல்லுறேன் சார் என்று எழுந்து வந்தாள். சுபாஸ்ரீயிடம் சொன்னாள். நீங்கள் போய்விடுங்கள் அக்கா, உங்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இரண்டு நாளும் மொக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை, படுத்தால் புரள்வதும் எழுந்து நடப்பதுமாகவே போனது.

முப்பதாம் தேதி விழா. ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பிரிவுபசார விழா நடத்திப் பொன்னாடை போர்த்துவது அந்தப் பல்கலைக்கழகத்தின் மாறாத வழக்கம். டீயும் பந்தலும் இரண்டு முறை ஆக வேண்டாம் என்று, மொக்கம்மாளுக்கும் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு மரங்களுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்திருந்தார்கள். அழைப்பிதழிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பணி மூப்பு அடிப்படையில் இருபத்தோரு மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பொன்னாடை சுற்றியிருந்தார்கள். ஆனிக் காற்றில் அவை அவிழ்ந்து அவிழ்ந்து பறந்தன. பிடித்துக் கட்ட நான்கு பேர் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

துணைவேந்தர் உருகிப் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் இந்த ஓநாய் நிஜமாகவே அழுதது.

"இந்த மரங்கள் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை. சங்கம் வைத்ததில்லை. ஊழியர்கள் இவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இவற்றின் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது. ஆகவேதான் கான்கிரீட்டால் நிரப்புகிறோம். ஓய்வு பெறுகிறவர்களை வெட்டுகிறோம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். இல்லை. நாம் வழியனுப்புகிறோம். சகோதரி மொக்கம்மாளையும் அப்படித்தான் வழியனுப்புகிறோம்."

கைதட்டினார்கள். பதிவாளர் இருப்புத் தாளை ஒரு தட்டில் வைத்து, பேனாவோடு மேடையில் அவளிடம் நீட்டினார். சுந்தரலிங்கம் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொக்கம்மாள் எட்டாவது வரை படித்தவள். கட்டத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பென்சில் எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கூடுதல் என்று எழுதினாள். எண்ணை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று எழுத்தால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நேத்து சாயங்காலக் கணக்கு சார்," என்றாள் சுந்தரலிங்கத்திடம். "காலையில ஓடைக்கு அந்தாண்ட இன்னும் ஒரு பத்துப் பன்னெண்டு மொளச்சிருக்கு. நீங்க வந்தாத்தான் எண்ண முடியும்."

சுந்தரலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் பேனாவை எடுத்து, அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். தவறான கணக்குக்குக் கையெழுத்துப் போட நேருமோ என்று இரண்டு நாளாக அவரும் தூங்கவில்லை.

ஜூலை முதல் தேதி மொக்கம்மாள் வழக்கம்போல வந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. வயதுப்படி அவள் ஊழியர் அல்ல; பொறுப்புப்படி போகவும் முடியாது. இதை ஆராய அறுபத்தெட்டாவது குழு அமைக்கப்பட்டது. வாரம் ஒரு குறிப்பாணை வரும்: கூடுதல் இருப்பு தொடர்ந்து அதிகரிப்பதற்கான காரணத்தை மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும். அவள், மழை பெய்தது என்று எழுதிக் கொடுப்பாள். முன் அனுமதி பெறாமல் முளைக்கவிட்டது ஏன் என்று அடுத்த வாரம் கேட்பார்கள். விழாவன்று மறுபடி வந்திருந்த மண்வாரி இயந்திரம் வாசலில் ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டு, வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டது. சம்பளமும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. சுபாஸ்ரீ தினமும் இரண்டு டப்பாவில் சோறு கொண்டுவந்தாள்.

ஆடி பாதி போய்விட்டது. நாவற்பழம் கொட்டித் தரை முழுக்க நீலமாகக் கிடந்தது. இரண்டு வாரமாகக் காற்று மட்டும்தான், மழை இல்லை. முளைத்ததில் பாதி வாடத் தொடங்கியிருந்தது. நேற்று உயிரோடு நின்றது நூற்று எழுபதுதான்; எல்லாம் பட்டுப்போனால் கணக்குச் சேர்ந்துவிடும். வாடியதைக் கழித்து எழுத முடியாது, அவை செத்ததற்கு மருத்துவச் சான்று இல்லை என்று சுந்தரலிங்கம் இழுத்துப்பிடித்துக்கொண்டிருந்தார். அவராலும் எத்தனை நாள் முடியும்? மொக்கம்மாள் ஓடைக்கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டு, மலைக்கு மேலே கேரளப் பக்கம் உட்கார்ந்திருந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது திருப்பூரிலிருந்து போன் வந்தது.

"எப்பம்மா வருவ? பிள்ளைக தெனமும் கேக்குதுக. பக்கத்து வீட்டு அக்கா இனி பாத்துக்க முடியாதுன்னுட்டாக."

"கணக்குச் சேரல ஆத்தா."

"இன்னுமா? எப்பத்தான் சேருமாம்?"

அந்தப் பிள்ளைகளின் முகம் மொக்கம்மாளின் கண்ணுக்குள்ளேயே நின்றது. என்ன சொன்னாலும் அது அவளுக்கே வலிக்கும் என்று தெரிந்தது.

"சேந்துறக் கூடாது ஆத்தா. அதுக்குத்தான் இங்கன கெடக்கேன்."

அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. பிறகு மகள் மெதுவாக, "அங்கன மழை உண்டாம்மா?" என்று கேட்டாள்.